அந்த ‘ப்’ எங்கே போனது?

கேள்வி, 03.02.2024

பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளின் தாளைத் திருத்த உட்கார்ந்தால் ‘அந்த பையன்’, ‘படித்து கொண்டு’, ‘பாடத்தை கற்று கொடுத்தார்’ என்றுதான் வரிக்கு வரி இருக்கிறது. வலி மிகும் இடமெல்லாம் மொட்டையாக நிற்கிறது. பத்து வருஷம் முன்னால் இவ்வளவு மோசம் இல்லை. செல்போன்தான் காரணம் என்கிறேன். மறுப்பவர் உண்டா?

03.02.2024, இரவு 10.40

பாதி மறுக்கிறேன்.

செல்போனுக்கு முன்பே ஒற்றெழுத்தை விழுங்கியவர்கள் உண்டு. என் அப்பாவே விழுங்கியிருக்கிறார், அதுவும் தெரிந்தே. கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் முப்பது வருஷம் கம்பாசிட்டர், அதாவது அச்சுக்கு எழுத்துக் கோப்பவர். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், இதுதான் வேலை. இடது கையில் எழுத்தை வரிசையாகக் கோக்கும் சட்டமான ஸ்டிக், வலது கை எழுத்துப் பெட்டியான கேஸில் அறை அறையாக மேயும். ஈய எழுத்தில் வரி முழுக்க நிறைய வேண்டும். இடைவெளிக் கட்டைகளைச் செருகி இறுக்கினால்தான் பக்கம் முடுக்கும்போது எழுத்து உதிராது. கடைசிச் சொல் ஒரே ஒரு எழுத்து அகலத்துக்கு இடிக்கிறது என்று வையுங்கள். சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளினால் இந்த வரி பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும். அப்பா வரியை ஒரு முறை பார்ப்பார். எங்காவது ஒரு ‘க்’, ஒரு ‘த்’ சொல்லின் கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தால் நிமிண்டி எடுத்துக் கேஸில் போட்டுவிடுவார். வரி உட்கார்ந்துவிடும். “அந்த க் இல்லாட்டி கல்யாணம் நின்னுடுமா?” என்பார்.

முதலாளியின் மாமனார் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். புரூஃப் அவர்தான் பார்ப்பார். சிவப்பு மையில் ஒவ்வொரு ஒற்றையும் திரும்பக் கேட்பார். அப்பா தலையாட்டிவிட்டுப் பாதியைத்தான் போடுவார். இருபது வருஷம் இரண்டு பேருக்கும் நடந்த சண்டை அது, காபியையும் சேர்ந்தே குடித்துக்கொண்டு.

அதனால் ‘கருவி கெடுத்துவிட்டது’ என்றால் ஒப்புக்கொள்கிறேன். ‘இந்தக் கருவிதான் முதலில் கெடுத்தது’ என்றால் இல்லை.

04.02.2024

ஈய எழுத்தை எப்படிப் படிப்பார்கள், கண்ணாடியில் பார்த்தா என்று கேட்கிறார்கள். இல்லை. ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாக நிற்கும், ஆனால் இடமிருந்து வலமாகத்தான் போகும். கம்பாசிட்டர் தலைகீழாகவே படித்துப் பழகிவிடுவார். டீக்கடையில் எதிர் பெஞ்சுக்காரர் விரித்து வைத்திருக்கும் பேப்பரை அப்பா இந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு முன்னால் படித்து முடித்துவிடுவார். பக்கம் திருப்பாமல் அவர் மெதுவாகப் படித்தால் இவருக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. தேய்ந்த டைப்பில் முதலில் போவது புள்ளிதான். மூளியான ‘ம்’ அச்சில் ‘ம’ ஆகிவிடும். ‘திருமண அழைப்பிதழ’ என்று ஒரு கட்டுப் பத்திரிகை போய், திரும்பி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேனாவால் ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்தது நானும் என் தங்கையும்.

07.02.2024, காலை

புள்ளியைப் பற்றி எழுதியதும் பெரியப்பா வீட்டு வைத்திய ஏடு ஞாபகம் வந்தது. மேலும் கீழும் மரச்சட்டம், நடுவில் துளை, பழுத்த கயிறு. சின்ன வயதில் அதைப் படிக்க முயன்று தோற்றிருக்கிறேன். சுககு, திபபிலி, இஞசி. அப்படித்தான் இருக்கும். ஒரு புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே உரு, ‘ர’வும் காலும் ஒன்றே போல. எரியா ஏரியா, கரமா காரமா என்பதைப் படிக்கிறவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா கண்டுபிடிப்பார். வாய்விட்டு, ராகம் போட்டுப் படிப்பார். பாட்டின் ஓசை இடறினால் நிறுத்தி, ‘சுக்கு’ என்று திருத்திக்கொண்டு மேலே போவார். கண் தராததைக் காது தந்தது. என் கண்ணுக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம், ஏனென்றால் நான் வாயை மூடிக்கொண்டு படிக்கப் பழகியவன்.

இத்தனைக்கும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும், குறில் எ, ஒ இரண்டுக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. விதி தெரியும், கை வைக்காது. நம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இது முன்னுதாரணம் என்று யாரும் விடைத்தாளில் எழுதிவிட வேண்டாம்.

ஓலையில் புள்ளி குத்தினால் எழுத்தாணி முனை ஏட்டைப் பொத்துவிடும், கிழிந்துவிடும். அதனால்தான் விட்டார்கள்.

07.02.2024, இரவு

காலையில் கடைசியாக எழுதியதைத் திருத்துகிறேன். ‘ஓலை கிழியும், சரி. கருங்கல் கிழியுமா?’ என்று ஒருவர் கேட்டார். நியாயம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவரில் அத்தனை கல்வெட்டு இருக்கிறது, அதில் புள்ளியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உளிக்கு என்ன பயம்? ஆகவே கிழியும் கதை முழுக் காரணமாக இருக்க முடியாது. படிக்கிறவனுக்குத் தமிழ் தெரியும், அவன் போட்டுக்கொள்வான் என்ற நம்பிக்கைதான் பெரிய காரணம் என்று இப்போது படுகிறது. எழுதுகிறவன் சோம்பல், படிக்கிறவன் தலையில்.

நேர்க்கோடு இழுத்தால் ஓலை நார் வழியே கிழியும், அதனால்தான் தமிழ் எழுத்து வளைந்தது என்பார்களே, அதையும் சின்ன வயதில் நம்பினேன். அப்படியென்றால் ‘ட’ எப்படிப் பிழைத்தது? ‘ப’?

08.02.2024

எ, ஏ‑வைப் பிரித்தவர் வீரமாமுனிவர்தானே என்று கேட்டவருக்கு: ஆமாம், எ‑ஏ, ஒ‑ஓ வேறுபாட்டை இன்றுள்ள வடிவத்தில் கொண்டுவந்தவர் என்று 18ஆம் நூற்றாண்டு வீரமாமுனிவரைத்தான் சொல்வது வழக்கம். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றவர். பெரியப்பாவுக்கு ‘எரி’யா ‘ஏரி’யா என்ற குழப்பம் வராது, ஓட்டத்தில் போய்விடுவார். வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் கண்ணுக்கு எதிரே வித்தியாசம் வேண்டும். இது என் ஊகம்.

11.02.2024

ஓலையில் புள்ளி இல்லை, விடைத்தாளிலும் இல்லை, இரண்டும் ஒன்றுதானே என்று எழுதியிருப்பவருக்கு: இல்லை. இதை இரண்டு நாளாக யோசித்தேன். ஏட்டில் ‘அந்தபபையன’ என்று இருக்கும். புள்ளிதான் இல்லை, அந்த ‘ப’ இருக்கிறது, எண்ணிக்கொள்ளலாம். பிள்ளைகள் விடுவது அந்த எழுத்தையே. ஏட்டுக்காரர் ஒலியை விடவில்லை.

அதோடு ஏட்டில் சொல்லுக்கு நடுவே இடைவெளி இல்லை என்பதால் அந்த ‘ப்’ யாருடையது என்ற கேள்வியே இல்லை. ‘அந்த’வின் வாலா, ‘பையன்’ தலையா? இரண்டுக்கும் நடுவில் சும்மா நின்றது. அச்சில் இடைவெளி விட்டுப் பிரித்ததும் அது ‘அந்தப்’ பக்கம் ஒட்டிக்கொண்டு நாதியில்லாமல் நிற்கிறது. அப்பா விரல் முதலில் அதன் மேல் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

12.02.2024

தட்டச்சு. பத்தாவது முடித்த லீவில் டைப் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார்கள், தமிழ் லோயர், அதாவது இளநிலை. யளனக, யளனக என்று ஒரு மாசம். தமிழுக்குத் தட்டச்சுப்பொறி செய்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துக்காரர், மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலை பார்த்தவர். அவர் செய்த காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நகரா விசை. புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. வெள்ளைத் தாளில், எழுத்தே இல்லாத இடத்தில், முதலில் ஒரு புள்ளி விழும். அப்புறம் எழுத்தைத் தட்டினால் அது வந்து புள்ளிக்கு அடியில் உட்காரும். அதாவது ‘ல்’ அடிக்கும் முன்பே ‘ல்’ வரப்போகிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் எழுத்து முன்னதாக யோசிக்கிற பழக்கம்.

அந்தப் பழக்கம் போகவே இல்லை. பல வருஷம் கழித்துக் கணினியில் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறியபோது புள்ளியை முன்னால் தட்டித் தட்டி, ‘கடல்’ அடிக்கப் போனால் ‘கட்ல’ என்று வரும். புள்ளி முந்தைய எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும்.

தமிழ்99 இன்னொரு விதத்தில் கெட்டிக்காரத்தனமானது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துவிடும். அ, ம, ம, ஆ, நான்கே தட்டு, ‘அம்மா’ வந்துவிடும். ‘ந’வுக்கு அடுத்து ‘த’ தட்டினால் ‘ந்த’. சொல்லுக்கு உள்ளே இப்படி வரும் புள்ளியை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். சொல்லின் வாலில் தொங்குகிற ஒற்றுக்கு நாமே புள்ளி தட்ட வேண்டும். மறுபடியும் அதே அனாதை.

12.02.2024, சற்று கழித்து

நடுவில் பாமினி காலத்தை விட்டுவிட்டேன். அந்த எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு ஒன்றை, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலமாக நிற்கும். அந்த அரைப்புள்ளிதான் நம் புள்ளி. என் தங்கை கல்யாணப் பத்திரிகை இப்படித்தான் ஒரு குறுந்தகட்டில் அரைப்புள்ளிகளாகக் கிடக்கிறது. அப்பா கோத்த பத்திரிகைகள் எல்லாம் பெட்டியில் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கின்றன.

13.02.2024

யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் இடம் ஒதுக்கும் பொது முறையில், ‘க்’குக்குத் தனி இடம் இல்லை, ‘க’வோடு புள்ளியைச் சேர்த்துத்தான் ‘க்’ என்று குறைப்பட்டவருக்கு: நம் இலக்கணத்தில் க் என்ற மெய்யில் அ ஏறினால் க. கணினியில் க என்பதிலிருந்து அ‑வைப் பிடுங்கினால் க். தலைகீழ்தான். எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுக்கும் டேஸ்16 என்ற முறையையும் 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றது, ஆனால் போனில் வந்தது யூனிகோடு. வந்ததுதான் வாழும்.

15.02.2024

எஸ்எம்எஸ் பற்றிக் கேட்டீர்கள். அங்கே புள்ளிக்குக் காசு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் எழுதினால் 70. அந்த 70இல் புள்ளியும் கொம்பும் காலும் ஒவ்வொன்றும் தனி எழுத்தாகக் கணக்கு.

‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. உடனே வா.’ எண்ணிப் பார்த்தேன். நம் கணக்கில் 19 எழுத்து. போனின் கணக்கில், இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து, 38. பாதிக்கு மேல் தீர்ந்தது. இதே சேதி தந்தியில் ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’ என்று நாலே வார்த்தையில் வந்து நிற்கும். தந்தியைப் பார்த்தாலே படிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சேவையை 2013 ஜூலையில் மூடினார்கள்.

70க்குள் அடைக்க முடியாமல்தான் நாங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தோம். அதில் உயிரெழுத்தை எல்லாம் விட்டு, ‘வந்துட்டேன்’ என்பதை வெறும் மெய்யாக நாலைந்து எழுத்தில் முடிப்போம். படிக்கிறவன் போட்டுக்கொள்வான். ஏட்டுக்காரர்கள் மெய்யின் அடையாளத்தை விட்டார்கள், நாங்கள் உயிரை விட்டோம். இது எழுதும்போதுதான் தோன்றியது, ரொம்பவும் அழகாக இருப்பதால் கொஞ்சம் சந்தேகமாகவும் இருக்கிறது.

18.02.2024

கேள்வி கேட்ட ஆசிரியருக்கு இப்போதுதான் நேரான பதில். ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லை, சொந்தமாக ஒரு சோதனை செய்தேன். மாமாவுக்கு எழுத வேண்டிய ஒரு பக்கக் கடிதத்தை முதலில் பேனாவில் எழுதினேன். அப்புறம் அதைப் பார்க்காமல் அதே விஷயத்தைப் போனில் அடித்தேன். பேனாவில் ஒற்று ஓரிடத்தில்தான் விட்டுப்போயிருந்தது. போனில் பதினோரு இடம். எனக்கு இலக்கணம் தெரியாமல் போய்விடவில்லை, மதியம் சாப்பாட்டுக்கு நடுவில் மறந்தும் விடவில்லை.

விரலைக் கவனித்தேன். ‘அந்’ என்று தட்டியதும் மேலே பட்டையில் ‘அந்த’ வந்து நிற்கிறது. தொடுகிறேன். சொல் விழுகிறது, கூடவே ஓர் இடைவெளியும் விழுகிறது. இப்போது ‘பையன்’ எழுதப் போகும்போதுதான் ‘ப்’ ஞாபகம் வருகிறது. அதைப் போட வேண்டுமானால் பேக்ஸ்பேஸ் அமுக்கி இடைவெளியை எடுத்து, ப தட்டி, புள்ளி தட்டி, மறுபடி இடைவெளி. ஒரு ஒற்றுக்கு நாலு தட்டு. முதல் பத்தியில் தட்டியதை திரும்ப அழித்து ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவது பத்தியில் சலித்துவிட்டது.

போன் சொல் சொல்லாகத் தருகிறது. ஒற்றோ இரண்டு சொல்லுக்கு நடுவில் பிறக்கிறது. அடுத்து பையன் வருகிறானா அம்மா வருகிறாளா என்பது என் தலைக்குள் இருக்கிறது, பட்டைக்குத் தெரியாது. பேனா ஓடும்போது அடுத்த சொல் ஏற்கெனவே வாயில் இருக்கும், அதனால் ‘ப்’ தானாக விழும். டைப்ரைட்டரில் புள்ளியை முன்கூட்டியே தட்டிய விரல் இது. அதையே பழக்கம் மாற்றிவிட்டது.

உங்கள் பிள்ளைகள் தினமும் அந்தப் பட்டையில் ஒற்றில்லாத ‘அந்த’, ‘இந்த’, ‘படித்து’, ‘பாடத்தை’ என்று பார்த்துப் பார்த்து, சொல்லின் முழு உருவம் அதுதான் என்று கண்ணில் பதிந்துவிட்டது. ‘அந்தப்’ என்பது அவர்களுக்கு எழுத்துப்பிழை மாதிரி தெரியும். ஆகவே பாதி மறுத்ததில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

19.02.2024

‘அப்படியானால் ஒற்றையே எடுத்துவிடலாமே’ என்பவருக்கு: ‘வேலை கொடு’ என்றால் வேலையைத் தா. ‘வேலைக் கொடு’ என்றால் வேல் என்ற ஆயுதத்தை எடுத்துத் தா. முருகனிடம் கேட்கும்போது கவனம்.

25.02.2024

குரலில் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியை ஒரு வாரம் பயன்படுத்தினேன். எங்கள் வீட்டில் ழ‑வை ள‑வாகச் சொல்லும் நாக்கு எனக்கு மட்டும்தான். ‘வாளப்பளம்’ என்கிறேன், திரையில் ‘வாழைப்பழம்’ என்று விழுகிறது. என் நாக்கு ஐம்பது வருஷமாகச் செய்யாததை அது செய்கிறது, மரியாதைக்குத் திருத்தியதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. ஆனால் ‘அந்தப் பையன்’ என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் பெரும்பாலும் ‘அந்த பையன்’தான். ப் என்று நான் உதட்டை மூடித் திறந்தது அதற்குக் கேட்கவில்லையா, கேட்டும் வேண்டாம் என்று விட்டதா?

அம்மா இந்தத் தொல்லைக்கெல்லாம் அப்பால் போய்விட்டார். எழுத்தே வேண்டாம் என்று குரல் செய்தியாக அனுப்புகிறார். ஒற்று ஒன்றுகூடக் குறையாது. ‘கீரைக் கட்டு வாங்கிண்டு வா’ என்பதில் அந்த ‘க்’ கணீரென்று இருக்கும். நான் அதற்கு ‘சரி’ என்று இரண்டெழுத்தில் பதில் அடிக்கிறேன்.

02.03.2024

பழைய எழுத்து பற்றிக் கேட்டிருந்ததற்குச் சுருக்கமாக. பெரியார் 1935இல் தம் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978 அக்டோபரில் அரசாணையாகப் போட்டார்கள். 13 எழுத்து மாறியது. ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் தும்பிக்கை மாதிரி வளைந்திருந்த பழைய கொம்பை இழந்தன. அச்சகத்துக்கு லாபம், கேஸில் அத்தனை அறை மிச்சம். ஆனால் அப்பாவின் அச்சகத்தில் தும்பிக்கை ‘ணை’யை மட்டும் ரொம்ப நாள் தூக்கிப் போடவில்லை. கல்யாணப் பத்திரிகை உச்சியில் சாமி பேரோடு ‘துணை’ வருமே, அதற்கு. பெரியவர்கள் புது ‘துணை’யைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். “சாமிக்குப் பழசு, ஆசாமிக்குப் புதுசு” என்று அப்பா கீழே இருக்கும் மணமகன் பெயரைப் புது எழுத்தில் கோப்பார். ஒரே பத்திரிகையில் இரண்டும் இருக்கும். யாரும் கேட்டதில்லை.

09.03.2024

ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து இந்தக் குறிப்புகளை எல்லாம் போனில் மேலிருந்து கீழாகத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா எதிரே ஈஸிசேரில், 84 வயது, கண்ணில் புரை எடுத்திருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். திடீரென்று குனிந்து, எனக்கு நேராக இருந்த, அவருக்குத் தலைகீழான திரையில் விரலை வைத்து, “இங்கே த் போச்சு” என்றார்.

18ஆம் தேதிக் குறிப்பு. இருக்கட்டும், திருத்தவில்லை. “நீங்க எடுத்ததை விடவா?” என்று கேட்டேன். “நான் வரி நிறையணும்னு எடுத்தேன். உனக்கு இங்கே இடத்துக்கா பஞ்சம்?” என்றார்.